வளைவுக் கூட்டில் 27 கோழிகள்: ஒன்ராறியோப் பனிக்காலத்தின் ஒரு நிகழ்வு ஆய்வு

2022ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பீற்றர்பரோ நகருக்கு வடக்கே உள்ள எங்கள் சிறு காணியில், 26 பேடுகளையும் ஒரு சேவலையும் பனிக்காலம் முழுவதும் காப்பதற்காக ஒரு வளைவுக் கூட்டைக் கட்டினோம். இங்குள்ள விவசாயிகள் ஹூப் ஹவுஸ் என்று சொல்லும் இந்த அமைப்பில் பெரிய நுட்பம் எதுவும் இல்லை. கம்பிச் சட்டத்தையோ குழாயையோ வில் போல வளைத்து வரிசையாக நிறுத்தி, அதன்மேல் பொலித்தீனை இழுத்துப் போர்த்திவிட்டால் கூடு தயார். அந்தக் கூடு எப்படிக் கட்டப்பட்டது, எங்கே பிழை நேர்ந்தது, அதன் பிறகு எதை மாற்றினோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். முதற் பனிக்காலத்தில் இரண்டு பெரிய பிழைகள் நேர்ந்தன. நாங்கள் ஆரம்பத்திலிருந்து அஞ்சிக்கொண்டிருந்த கடுங்குளிருக்கு அவற்றில் ஒன்றிலுமே பங்கில்லை என்பதுதான் இதை எழுதுவதற்குக் காரணம்.

ஏன் இந்த வடிவம்

கோழிகள் அதுவரை கோடைக்கால நகர்கூடு ஒன்றில் இருந்தன. நல்ல மரக்கொட்டில் ஒன்றைக் கட்டப் பணம் போதவில்லை. அத்துடன், கோடையில் கத்தரியும் மிளகாயும் பாகலும் வளர்க்க ஒரு பொலித்தீன் வீடு வேண்டும் என்று மனைவி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே கூட்டைக் குளிர்காலத்தில் கோழிகளுக்கும் கோடையில் செடிகளுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எமெரி எமெர்ட் 1948இல் கண்ணாடிக்குப் பதிலாக மலிவான பிளாஸ்ரிக் தாளைப் போர்த்தி முதற் செடிவீட்டைக் கட்டிக் காட்டியதும் பணத் தட்டுப்பாட்டினால்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வேறொரு காரணமும் இருந்தது. எச்5என்1 பறவைக் காய்ச்சல் 2021 டிசெம்பரில் நியூபவுண்ட்லாந்தில் கண்டறியப்பட்டு, 2022 வசந்தத்தில் ஒன்ராறியோப் பண்ணைகளுக்குள்ளும் நுழைந்திருந்தது. காட்டு வாத்துகளும் தாராக்களும் கூட்டங்கூட்டமாகப் பறந்து செல்லும் வழியில் எங்கள் காணி இருக்கிறது. அவற்றின் எச்சம் விழாத, மேற்கூரையுள்ள ஓரிடத்தில் கோழிகளை வைத்திருப்பது கட்டாயமாயிற்று. ஒன்ராறியோவில் ஒதுக்கீட்டு உரிமம் இல்லாமல் 99 முட்டைக் கோழிகள் வரை வைத்திருக்க முடியும் என்றாலும், நோய் வந்தால் 27 கோழிகளுக்கும் 27,000 கோழிகளுக்கும் விதி ஒன்றுதான்: முழு மந்தையும் அழிக்கப்படும்.

கட்டிய விதம்

எலும்புக்கூடாக நாங்கள் எடுத்துக்கொண்டது, மாட்டு வேலிக்கென்று இங்கே விற்கப்படும், நாகம் பூசிய தடித்த கம்பிச் சட்டங்களை. ஒவ்வொன்றும் 16 அடி நீளமும் 50 அங்குல அகலமும் உடையது. நான்கு சட்டங்களை, ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் நான்கு அங்குலம் ஏறும்படி வரிசையாக வைத்தபோது, கூட்டின் நீளம் 15 அடி 8 அங்குலமாக அமைந்தது. அகலம் 8 அடி. ஆகத் தரைப்பரப்பு ஏறத்தாழ 125 சதுர அடி. ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி என்று இங்கே வழக்கமாகச் சொல்லும் அளவை இது சிறிது தாண்டும். 16 அடிச் சட்டத்தை 8 அடி அகலத்துக்குள் வளைத்தால் உச்சி ஐந்தரை அடிக்குக் கிட்டத்தான் வரும் என்பதால், 12 அங்குல அகலப் பலகைகளை நான்கு பக்கமும் நிறுத்தி, அந்தப் பலகைச் சுவரின்மேல் வில்லை ஏற்றினோம். இப்படிச் செய்ததால் நடுவில் நிமிர்ந்து நிற்க முடிந்தது. உள்ளே போட்ட மரச் சீவல் வெளியே சிதறாமல் இருக்க வரம்பும் கிடைத்தது. குனிந்தபடி கோழி எச்சத்தை அள்ளுவதை ஒரு பனிக்காலம் முழுவதும் செய்ய முடியாது என்பதை, முதுகுள்ள எவரும் ஒப்புக்கொள்வார்.

சட்டத்தை வளைப்பது ஒருவர் செய்யும் வேலையன்று. ஒரு முனையைப் பலகையின் உட்புறத்தில் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள ஒருவரும், மறுமுனையைத் தள்ளிக்கொண்டு வர இன்னொருவரும் வேண்டும். வளைந்த கம்பி நேராக நிமிரவே எப்போதும் முயலும். முதற் சட்டம் என் கையிலிருந்து நழுவி மூன்று யார் தூரம் துள்ளிப் போய் விழுந்தது. ஒருவருக்கும் அடிபடாதது அதிர்ஷ்டந்தான். நிமிர முயலும் இந்த விசை பலகைகளை வெளிப்புறமாகத் தள்ளும் என்பதால், பலகைகளுக்கு வெளியே நான்கடிக்கு ஒன்றாக இரும்பு முளைகளை இரண்டடி ஆழத்துக்கு அறைந்து, அவற்றோடு பலகையைத் திருகாணியால் பிணைத்தோம். இந்த முளைகளே காற்றுக்கும் நங்கூரம். தென் ஒன்ராறியோவில் நிலம் ஏறத்தாழ நான்கடி ஆழம் வரை உறையக்கூடும் என்று கொண்டுதான் அத்திவாரங்களே போடப்படுகின்றன. மேல்மண் ஓரங்குலம் இறுகினாலும் முளை இறங்காது. ஆகவே நிலத்து வேலை முழுவதையும் ஒக்ரோபர் மாதத்திலேயே முடித்துவிட்டோம்.

கூட்டின் நீளப்பக்கம் தெற்கை நோக்கும்படி, முகட்டை கிழக்கு மேற்காக வைத்தோம். பனிக்காலக் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருவதால் மேற்கு முனையைப் பிளைவுட் பலகையால் முழுதாக அடைத்து, கதவைக் கிழக்கு முனையில் அமைத்தோம். போர்த்துவதற்கு, சூரிய ஒளியைத் தாங்கும்படி பதப்படுத்திய ஆறு மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிப்புள்ள செடிவீட்டுப் பொலித்தீனையே வாங்கினோம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும், சுவருக்குள் வைப்பதற்கான பொலித்தீன் ஓராண்டுக்குள் வெயிலில் முறுகி அப்பளமாக உடைந்துவிடும். சட்டங்களின் வெட்டுக் கம்பிமுனைகள் பொலித்தீனைக் கிழிக்காமலிருக்க, பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் பிளந்து அவற்றின்மேல் மாட்டினோம். பொலித்தீனின் ஓரங்களைப் பலகையோடு வெறும் கவ்வியால் அடிக்காமல், மரச் சலாகை ஒன்றை மேலே வைத்து இடையில் நெரித்து ஆணி அறைந்தோம். வடக்குப் பக்கத்தின்மேல் மட்டும் வெள்ளிநிறத் தறப்பாள் ஒன்றை முகடு வரை கூடுதலாகப் போர்த்தினோம். அந்தத் தறப்பாள் பின்னால் கதைக்குள் மீண்டும் வரும்.

வேட்டை விலங்குகளைப் பொறுத்தவரை பொலித்தீன் ஒரு தடையே அன்று. றக்கூன் விரலால் கிழிக்கும். சட்டத்தின் கம்பி இடைவெளியினூடே கையை நுழைத்துக் கோழியைப் பிடித்து இழுக்கும். நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த மிங்க் ஓரங்குலத் துளை கிடைத்தாலும் உள்ளே வந்து ஓரிரவில் கூட்டையே கொன்று தீர்க்கும். கோழிவலை என்று பெயர் சூட்டி விற்கப்படும் அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்க உதவுமே தவிர, இவற்றை வெளியே வைத்திருக்க உதவாது. எனவே அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலையைப் பலகையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உட்புறமாகக் கட்டி, வெளிப்புறத்தில் இரண்டடி அகலத்துக்கு அதே வலையை நிலத்தின்மேல் பாவாடை போல விரித்துக் கல்லும் மண்ணும் இட்டு மூடினோம். தோண்ட வரும் விலங்கு சுவரின் அடியில்தான் தோண்டும். இரண்டடி பின்னால் நின்று தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. மொத்தச் செலவு 1,100 டொலருக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. அதில் தனியாக அதிகம் விழுங்கிய பொருள் இந்த வலைதான். இன்றும் அந்தச் செலவில் ஒரு சதம்கூடக் குறைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

உள்ளே தரையில் எட்டு அங்குல ஆழத்துக்குப் பைன் மரச் சீவல். மேற்கு முனையில், நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில், நான்கு அங்குல அகலப் பலகைகள் இரண்டை, தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி, உறங்கும் தடிகளாக அமைத்தோம். உருண்டைத் தடியைக் கோழி நகங்களால் சுற்றிப் பிடிக்கும்போது விரல்களின் அடிப்புறம் குளிருக்கு வெளிப்பட்டு நிற்கும். தட்டைப் பலகையில் அது கால்களை மடித்து அமர்ந்ததும் வயிற்றுச் சிறகுகள் விரல்களை முழுதாக மூடிவிடுகின்றன.

முதற் பிழை: இறுக அடைத்த கூடு

கூட்டின் இரு முனைகளிலும் உச்சிக்குக் கீழே, ஓரடி உயரமும் இரண்டடி அகலமும் உள்ள காற்றுத் துவாரம் ஒவ்வொன்றை விட்டிருந்தோம். குளிருக்குப் பயந்து அவற்றுக்குப் பொலித்தீன் திரையும் போட்டிருந்தோம். 2022 டிசெம்பர் 23ஆம் திகதி தென் ஒன்ராறியோவைப் பெரும் பனிப்புயல் தாக்கியது. காலையில் மழையாகத் தொடங்கியது சில மணி நேரத்தில் உறைபனியாகி, வெப்பநிலை மளமளவென்று சரிந்து, காற்று இரண்டு நாள் விடாமல் வீசியது. புயல் எச்சரிக்கை வந்ததுமே இரண்டு துவாரங்களையும் திரையால் மூடி, கதவிடுக்குகளில் சாக்கை அடைத்து, கூட்டைப் பெட்டி போல ஆக்கினோம். 24ஆம் திகதி உள்ளே போனபோது பொலித்தீனின் உட்புறம் முழுவதும் வெண்ணிற உறைபடலம் பூத்திருந்தது. 25ஆம் திகதி பகலில் வெயில் பட்டதும் அது உருகி, சொட்டுச் சொட்டாகக் கோழிகளின் முதுகிலும் சீவலிலும் விழுந்தது; இரவில் மீண்டும் உறைந்தது. 26ஆம் திகதி காலையில் சேவலின் கொண்டை முனைகள் சாம்பல் நிறமாக வெளிறியிருந்தன. ஆறு வெள்ளை லெக்ஹோர்ன் பேடுகளில் நான்குக்கும் அப்படியே. அடுத்த வாரத்தில் அந்த முனைகள் கறுத்து உலர்ந்தன. அந்த மூன்று இரவுகளிலும் உள்ளே இருந்த வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழ் 12 பாகை செல்சியசைத் தாண்டவில்லை. சிறகு முழுதாக வளர்ந்த கோழிக்கு அது பெரிய குளிரே அன்று. அதன் உடல் வெப்பநிலை 41 பாகைக்கு மேல். உப்பவைத்த சிறகுக்குள் அது அடைத்து வைக்கும் காற்றே அதற்குப் போர்வை.

என்ன நடந்தது என்பதைப் பிறகு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 220 மில்லிலீற்றர் தண்ணீர் குடிக்கிறது. முட்டையோடு போவது அதில் 40 மில்லிலீற்றர் அளவுதான். மிச்சம் மூச்சிலும் எச்சத்திலும் கூட்டுக்குள்ளேயே வெளிவருகிறது. 27 கோழிகளுக்குக் கூட்டினால் ஒரு நாளில் ஐந்து லீற்றருக்குக் கிட்ட. எங்கள் கூட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 20 கன மீற்றர். பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையில் உள்ள வெளிக்காற்று உள்ளே வந்து ஐந்து பாகை சூடேறி வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கன மீற்றரும் ஏறத்தாழ ஒரு கிராம் நீராவியைத்தான் தூக்கிச் செல்லும். ஐந்து லீற்றரில் எதுவும் சீவலில் தங்காமல் காற்றே முழுவதையும் அகற்ற வேண்டுமானால், 5,000 கன மீற்றர் காற்று, அதாவது கூட்டின் முழுக் காற்றும் மணிக்குப் பத்துத் தடவை மாற வேண்டும். சீவல் நல்ல பங்கை உறிஞ்சும் என்பதால் உண்மைத் தேவை இதைவிடக் குறைவுதான். ஆனாலும், சாக்கால் இடுக்கடைத்த கூட்டில் எத்தனை தடவை மாறியிருக்கும் என்று கேட்டால், விடை பொலித்தீனின் உட்புறத்திலேயே எழுதியிருந்தது. ஈரம் படிந்த கொண்டையில் அந்த ஈரமும் சேர்ந்து உறைகிறது. போதிய குருதியோட்டம் இல்லாத முனைகள் முதலில் சாகின்றன. சேவலின் கொண்டையில் வசலின் பூசியிருந்தோம். அப்படிச் செய்யும்படி பலரும் சொல்வார்கள். பூசிய சேவலுக்கே எல்லாவற்றிலும் அதிகம் பாதிப்பு.

மந்தையிலேயே ஓர் ஒப்பீடும் கிடைத்தது. ஆறு பேடுகள் சாந்தக்ளேர் இனம். கியூபெக் மாகாணத்தில் ஓக்கா துறவிமடத்தைச் சேர்ந்த சகோதரர் வில்பிரிட் சாத்தலேன், கனடாவின் குளிருக்கு ஏற்ற கோழி ஒன்று வேண்டும் என்று 1908இல் தொடங்கி ஆண்டுக்கணக்காகக் கலந்து உருவாக்கிய இனம் இது. கொண்டை சிறு மெத்தை போலத் தலையோடு ஒட்டியிருக்கும்; தாடி இருப்பதே தெரியாது. அதே கூட்டில், அதே மூன்று இரவுகளில், இவற்றில் ஒன்றுக்கும் எதுவும் நேரவில்லை. மத்தியதரைக் கடற்பக்கத்து வெயிலுக்குப் பிறந்த லெக்ஹோர்னை வாங்கிவைத்துக்கொண்டு ஒன்ராறியோக் குளிரைக் குறைசொல்வது எவ்வளவு நியாயம் என்று அன்று தோன்றியது. முட்டை எண்ணிக்கைக்காக லெக்ஹோர்னை வாங்கியவன் நான்தான்.

அமோனியாவும் அதே காரணத்தால் ஏறியிருந்தது. நின்றபடி மணந்தால் பெரிதாகத் தெரியவில்லை. கோழி மூச்சுவிடும் உயரத்துக்குக் குந்தி இருந்தபோது கண் எரிந்தது. காற்றில் மில்லியனில் 25 பங்குக்கு மேல் அமோனியா இருப்பது கோழியின் மூச்சுக்குழலுக்குக் கெடுதி என்று கொள்ளப்படுகிறது. மனித மூக்குக்குத் தெளிவாகத் தெரியும்போது அந்த எல்லைக்குக் கிட்ட வந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதன்பின் நாள்தோறும் காலையில் ஒரு தடவை குந்தி மூச்செடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று.

திரைகளைக் கழற்றி எறிந்தோம். முகட்டுக்குக் கீழே இரு முனைகளிலும் இருந்த துவாரங்களைப் பெருப்பித்து, வலை மட்டும் அடித்துத் திறந்தே விட்டோம். தெற்குப் பக்கத்தில் பலகைக்குச் சற்று மேலே, உறங்கும் தடிகளுக்கு எட்டாத கிழக்குப் பாதியில், ஆறு அங்குல உயர இடைவெளி ஒன்றையும் திறந்தோம். குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, ஈரத்தோடு மேலே வெளியேற வழி உண்டாயிற்று. தடிகளில் இருக்கும் கோழிகள்மேல் நேரடியாகக் காற்று படாதிருப்பதற்கு, இரவில் மெழுகுதிரி ஒன்றைத் தடியின் மட்டத்தில் பிடித்துப் பார்த்தோம். சுடர் நிமிர்ந்தே நின்றது. மேலே காற்றோட்டம், கோழியின் உயரத்தில் அமைதி: இந்த இரண்டையும் சேர்த்துப் பெறுவதுதான் கூட்டின் வேலை என்பதை நாங்கள் காலந்தாழ்த்தித்தான் விளங்கிக்கொண்டோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கோழி வளர்ப்பைப் பற்றி எழுதிய பிரின்ஸ் வூட்ஸ் போன்றோர், முன்பக்கம் முழுவதும் திறந்த கோழிவீடுகளை அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளுக்கே பரிந்துரைத்து வந்திருக்கிறார்கள் என்பதையும் பிறகுதான் அறிந்தோம்.

திறந்துவிட்டதற்குச் சோதனை 2023 பெப்ரவரி 3, 4ஆம் திகதிகளில் வந்தது. வடதுருவக் காற்று ஒன்ராறியோ, கியூபெக் வழியாக நியூ இங்கிலாந்து வரை இறங்கியது. எங்கள் முற்றத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 28 பாகை, கூட்டுக்குள் 26. உள்ளுக்கும் வெளிக்கும் இரண்டே பாகை வித்தியாசம். பொலித்தீன் இரவில் வெப்பத்தைத் தடுத்து வைக்காது. தரையும் கோழியும் கதிராக வெளிவிடும் வெப்பம் அதனூடே வானத்துக்குப் போய்விடும். ஆகவே இந்தக் கூடு கோழியைச் சூடாக வைத்திருக்கும் என்று எதிர்பார்த்துக் கட்டுபவர்கள் ஏமாறுவார்கள். காற்றையும் மழையையும் பனியையும் அது தடுக்கும். மற்றதைக் கோழி தானே பார்த்துக்கொள்ளும். அந்த இரண்டு இரவுகளிலும் கோழிகள் தடியில் நெருக்கமாக அமர்ந்து, தலையைச் செட்டைக்குள் செருகி உறங்கின. பொலித்தீனின் உட்புறம் உலர்ந்திருந்தது. புதிதாக ஒரு கொண்டை முனைகூடக் கருகவில்லை.

சூட்டு விளக்கு வைக்கச் சொல்லி நண்பர்கள் சிலர் வற்புறுத்தினார்கள். உலர்ந்த மரச் சீவலும் பொலித்தீனும் பறக்கும் தூசியும் நிறைந்த கூட்டில் 250 வாற் விளக்கைத் தொங்கவிடுவது, தீக்குச்சியைக் கொளுத்திக் கோழியிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போவதற்குச் சமம் என்பது என் கருத்து. மின்சாரத்தை இரண்டுக்கு மட்டும் பயன்படுத்தினோம்: தண்ணீர்ப் பாத்திரத்தின் கீழ் வைக்கும் சிறு சூட்டுத் தட்டு ஒன்று, தானாக எரிந்தணையும் ஒன்பது வாற் விளக்கு ஒன்று. மார்கழியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. முட்டையிட 14 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பதால், விளக்கு அதிகாலையில் எரியத் தொடங்கிப் பொழுது விடிந்ததும் அணையும். மாலையில் எரியவிட்டால், திடீரென்று அணையும்போது தடியேற முடியாமல் கோழிகள் இருட்டில் தரையிலேயே தங்கிவிடும். முட்டைகளை நாளுக்கு மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது; விட்டால் உறைந்து ஓடு வெடிக்கும்.

இரண்டாம் பிழை: முகட்டு வளை இல்லாத கூரை

வில்லை வளைத்து நிறுத்தியதும் அதன்மேல் என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்திருந்தேன். அது அசையவில்லை. முகட்டின் அடியில் நீளவாக்கில் வளை எனப்படும் ஒரு மரச் சட்டத்தை வைத்து, அதைக் கப்புகளால், அதாவது தூண்களால், தாங்க வேண்டும் என்று, வன்னியில் ஒரு காலத்தில் நெற்கொட்டில்கள் கட்டியிருந்த என் மாமா பார்க்க வந்த அன்றே சொன்னார். “வளை இல்லாத கூரை எதை நம்பி நிற்கும், தம்பி?” என்று கேட்டார். வில்லுக்கு அது தேவையில்லை என்று அவருக்கு விளக்கம் கொடுத்தேன். மரியாதைக்காக அவர் அதற்குமேல் பேசவில்லை.

2023 மார்ச் 3ஆம் திகதி இரவு, இடிமுழக்கத்தோடு பனி கொட்டியது. சனவரிப் பனி போல உலர்ந்து பறக்கும் பனியன்று. பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழுந்த, நனைந்த பஞ்சு போன்ற பனி. புதிதாக விழுந்த உலர்பனியின் ஒரு கன மீற்றர் 50 முதல் 100 கிலோகிராம் வரைதான் இருக்கும். நனைந்த பனி 200 கிலோகிராமைத் தாண்டும். எங்கள் கூரை தரையில் மறைக்கும் பரப்பு 11.6 சதுர மீற்றர். 25 சென்ரிமீற்றர் நனைந்த பனி அதன்மேல் தங்கினால் அரைத் தொன்னுக்கு மேல் பாரம். வழுக்கும் பொலித்தீனில் பனி தங்காது, வழிந்துவிடும் என்பதை நம்பித்தான் இருந்தோம். தெற்குப் பக்கத்தில் அப்படியே வழிந்தது. வடக்குப் பக்கத்தில் தறப்பாளின் மேல்விளிம்பு முகட்டை ஒட்டி மடிந்து ஒரு சிறு படிபோல நின்றிருந்தது. பனி முதலில் அங்கே பற்றிக்கொண்டது. பற்றிய பனியின் பாரத்தால் தறப்பாள் கம்பிக் கட்டங்களுக்கிடையே குழிவிழ, அந்தக் குழிகள் மேலும் பனியைப் பிடித்தன. ஒரு பக்கத்தில் மட்டும் பாரம் ஏறிய வில், மற்றப் பக்கம் சாயத் தொடங்கியது.

காலை ஐந்தரை மணிக்குப் பார்த்தபோது நடுவிலிருந்த இரண்டு சட்டங்கள் முகட்டில் ஓரடிக்கு மேல் தாழ்ந்து, கூரை நடுவில் ஒட்டகத்தின் முதுகு தலைகீழானது போல இருந்தது. மேற்கு முனையில் பிளைவுட் சுவர் தாங்கி நின்றதால், தடிகளில் இருந்த கோழிகளுக்கு எதுவும் ஆகவில்லை. நான் உள்ளே ஓடிப்போய் மண்வெட்டிப் பிடியால் கூரையைக் கீழிருந்து மேலே குத்தத் தொடங்கினேன். அது மகா மடைத்தனம். மேலே அரைத் தொன் பாரம் தொங்கும் கூரையின் கீழ் ஒருவரும் நிற்கக் கூடாது. மனைவி என்னை வெளியே இழுத்தெடுத்து, நீளப் பிடியுள்ள பனிவாரியைக் கையில் தந்தார். கூரையின் இரு பக்கத்திலும் சிறிது சிறிதாக, மாறி மாறி இழுத்தோம். ஒரே பக்கத்தை முதலில் முழுதாக இழுத்திருந்தால் வில் மற்றப் பக்கம் மடிந்திருக்கும். பாரம் இறங்கியதும் சட்டங்களில் ஒன்று தானாகவே நிமிர்ந்தது. மற்றதில் நிரந்தரமாக ஒரு முறிவு விழுந்துவிட்டது.

அதே வாரம் முகட்டின் நீளத்துக்கு இரண்டுக்கு ஆறு அங்குல மரத்தை வளையாக வைத்து, கம்பிச் சட்டங்கள் ஒவ்வொன்றையும் அதனோடு கட்டுக்கம்பியால் பிணைத்து, இரண்டு கப்புகளை நட்டோம். கப்புகளின் அடியில் தட்டையான கற்கள். தறப்பாளைக் கழற்றி, பொலித்தீனுக்கு உட்புறமாக, கம்பிச் சட்டத்தோடு கட்டினோம். வடபக்கத்துக்கு நிழலும் காற்றுத் தடுப்பும் அப்படியே கிடைத்தன. மேற்புறத்தில் பனி பற்றும் விளிம்பு இல்லாமற் போயிற்று. மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “கப்புக்குக் கீழே கல் வைத்தாயா?” என்று மட்டும் கேட்டார்.

சீவலும் கோடையும்

பனிக்காலம் முழுவதும் எச்சத்தை அள்ளாமல், வாரத்துக்கு ஒரு தடவை மேலே புதுச் சீவலைத் தூவி, ஒரு கை சோளத்தை எறிந்து, கிளறுகிற வேலையைக் கோழிகளிடமே விட்டோம். டிசெம்பரில் ஈரமாகி இறுகிய தடிக்கீழ்ப் பகுதியை மட்டும் ஒரு தடவை வெட்டி அகற்ற நேர்ந்தது. துவாரங்களைத் திறந்த பின் அந்தத் தேவை எழவில்லை. ஏப்ரல் கடைசியில் ஏறத்தாழ பதினைந்து அங்குல ஆழத்துக்குப் பாதி மக்கிய குப்பை கிடைத்தது. பச்சைக் கோழி எருவில் நைதரசன் கடுமையாக இருப்பதால் செடியின் வேர் வெந்துவிடும், நோய்க்கிருமிகளும் இருக்கும். மண்ணைத் தொடும் காய்களுக்கு, எருவிட்டு 120 நாள் கழிந்த பிறகே அறுவடை என்பது இயற்கை விவசாய விதி. எனவே பெரும்பகுதியை வெளியே குவித்து மக்கவிட்டு, முந்திய ஆண்டின் முதிர்ந்த எருவையே உள்ளே கலந்தோம். மே மாதக் கடைசியில் பாகலும் புடலும் அந்த மாட்டு வேலிக் கம்பியிலேயே ஏறின. பந்தலுக்கென்று தனியாக எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பின்வந்த பனிக்காலங்கள்

2023–24 பனிக்காலம் கனடாவில் பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்தே மிகவும் வெப்பமானதாக அமைந்தது. ஆகவே கூட்டின் குளிர்தாங்கும் திறனுக்கு அது சான்றாகாது. ஆனால் மழையும் பனிப்புகாருமாக நாட்கள் நனைந்தே கழிந்ததால் ஈரத்துக்கு நல்ல சோதனை. பொலித்தீன் உட்புறத்தில் காலையில் மெல்லிய பூச்சு இருக்கும்; பத்து மணிக்குள் காய்ந்துவிடும். லெக்ஹோர்ன்களை அதற்குள் நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மேலும் எட்டுச் சாந்தக்ளேர்களைச் சேர்த்திருந்தோம். முட்டை குறைந்தது. அதைப் பற்றி வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

முகட்டு வளைக்கான சோதனை 2025 பெப்ரவரி நடுப்பகுதியில், ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து வந்த இரண்டு பெரும் பனிப்பொழிவுகளோடு வந்தது. கூரை ஓரங்குலமும் தாழவில்லை. ஆனால் வழிந்த பனி இரு பக்கங்களிலும் இடுப்பளவுக்குக் குவிந்து, பக்கச் சுவரை உள்ளே நெரிக்கத் தொடங்கியிருந்தது. தெற்குப் பக்கத்துக் கீழ்த் துவாரமும் பனிக்குள் புதைந்து அடைபட்டது. கூரை தாங்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டு முதல் நாள் மாலையில் அதைக் கவனிக்காமல் விட்டோம். மறுநாள் காலையில் குந்தி மூச்செடுத்தபோது கண் மீண்டும் எரிந்தது. அன்றிலிருந்து, பனி நின்றதும் முதலில் வெட்டுவது வீட்டு வாசலை அல்ல, அந்தத் தெற்குப் பக்கத்தைத்தான்.